குழாயை மூடிய பிள்ளை

தோள்பட்டை இரண்டும் கழன்று கையோடு வந்துவிடும்போல வலித்தது. கல்லும் மண்ணும் சுமந்து காய்ப்பேறிய சித்தாளுக்கே தாங்கவில்லை. ஒரு கையால் தோளை அமுக்கிக்கொண்டு, மறு கையால் மகளை இழுத்துக்கொண்டு இரண்டாம் வகுப்புக்குள் நுழைந்தாள்.

மகளின் சட்டையில் குத்தியிருந்த காகித நட்சத்திரத்தைப் பிடுங்கி மேசைமேல் போட்டாள். “இதை நீங்களே வச்சுக்குங்க டீச்சர். இதால என் பொழப்பு போச்சு.”

டீச்சர் திரும்பவில்லை. ‘துளி நீரையும் காப்போம்’ என்று கரும்பலகையில் எழுதி முடித்த பிறகே திரும்பினாள். “பாடம் நடக்குது. வெளிய நில்லுங்க.”

“நேத்துலருந்து தண்ணி லாரிகிட்ட நின்னுட்டுத்தான் இருக்கேன். திறந்திருக்கிற குழாயைக் கண்டா மூடணும்னு சொல்லிக்குடுத்தீங்களாமே. இவ நேத்துக் காலைல பள்ளிக்கூடம் வர்ற வழியெல்லாம் வாசல் குழாயா மூடிட்டு வந்திருக்கா.”

“நல்ல காரியம். அதுக்குத்தான் நட்சத்திரம்.”

“நல்ல காரியமா? நாலு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி. எப்ப வரும்னு திறந்து விடுறவனுக்கே தெரியாது. குழாயைத் திறந்து வச்சு, குடத்துல விழுற சத்தம் கேட்டு ஓடிப் பிடிக்கிற சனம் நாங்க. நேத்து வந்துட்டுப் போயிருச்சு. ஒரு வீட்லயும் சத்தம் கேக்கல.”

“சும்மா அளக்காதீங்க. நேத்துத் தண்ணி வரவே இல்ல.”

“இவ போகாத பின் தெருவுல தொட்டியெல்லாம் தளும்புது. போய்ப் பாருங்க.”

டீச்சர் உதட்டைச் சுழித்தாள். “குழாயைத் திறந்து போட்டுட்டுக் காத்திருக்கிறதுக்குப் பேரு சோம்பேறித்தனம். பிள்ளைக்கு இருக்கிற புத்தி பெத்தவளுக்கு இல்ல.”

பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். சித்தாளுக்கு முகம் எரிந்தது. ஆனாலும் வந்த காரியத்தை விடவில்லை.

“என்னை என்ன வேணா சொல்லுங்க. இவ மூடின வீட்டுக்கெல்லாம் நான்தான் சுமந்து ஊத்தணும்னு தெருவே முடிவு பண்ணிருச்சு. ரெண்டு நாளா வேலைக்குப் போகல. இன்னும் போகலைன்னா மேஸ்திரி வேற ஆளை வச்சுக்குவாரு. நீங்க தெருவுக்கு வந்து, நான்தான் சொல்லிக்குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், விட்டுருவாங்க.”

“உங்க தெருச் சண்டைக்கு நான் எதுக்கு வரணும்?” என்ற டீச்சர், குரலில் தேனைத் தடவிக்கொண்டு பிள்ளையிடம் குனிந்தாள். “நீ பயப்படாதடா கண்ணு. எங்கெங்க மூடினே? எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு.”

பிள்ளை விரலை மடக்கியது. “எங்க வீடு, டெய்லர் மாமா வீடு, பால்கார அத்தை வீடு, அந்த வரிசை பூரா. அப்புறம் பள்ளிக்கூடம் பக்கத்துல பச்சை கேட் வீடு. அங்கதான் டீச்சர் ரொம்ப மோசம். டியூபெல்லாம் மாட்டி முழுசாத் திறந்து கிடந்துச்சு. வீட்ல ஆளே இல்ல.”

டீச்சர் நிமிர்ந்தாள். பிள்ளைகளைத் தலை கவிழ்ந்து படுக்கச் சொன்னாள். சித்தாளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, பல்லைக் கடித்தபடி சொன்னாள்:

“பச்சை கேட் என் வீடு. தெருவுக்கு ஊத்தி முடிச்சதும் எனக்கும் நாலு குடம் நீதான் ஊத்தணும்.”