சூப்புக்குக் கிடைத்த மரியாதை

நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி, எங்கள் ஊரில் ராமென் என்ற ஜப்பானிய நூடுல்ஸ் சூப் விற்கும் கடையில் சூப் பேசும். அன்றைக்கு அது கிண்ணத்துக்குள் அழுதுகொண்டிருந்தது.

"ஜப்பானில் என்னைச் சர்ர்ரென்று உறிஞ்சினால்தான் மரியாதை. இங்கே ஒருத்தரும் சத்தமே போடுவதில்லை. இன்றைக்கும் சத்தம் வராவிட்டால் நாளையிலிருந்து பரோட்டாக் கடைதான் என்று சமையல்காரர் சொல்லிவிட்டார்."

கிண்ணத்துக்கு எதிரே வக்கீல் சாரங்கபாணி உட்கார்ந்திருந்தார். வீட்டில் அவர் ரசம் குடித்தால் தெருநாய் எழுந்து குரைக்கும். வெளியே வந்துவிட்டால் உதடே பிரியாது, அத்தனை நாகரிகம்.

"அழாதே அக்கா, அவர் என் மூடியைத் திறக்கட்டும், போதும்" என்றது மேசைமேல் இருந்த மிளகாய்த்தூள்.

வக்கீல் மூடியைத் திறந்து லேசாகத் தட்டினார். பாதி டப்பா சூப்பில் விழுந்தது. கௌரவம் பார்த்து அப்படியே ஒரு வாய் குடித்தார்.

"உஸ்ஸ்ஸ்ஸ்! ஸ்ஸ்ஸா!"

கடையே திரும்பிப் பார்த்தது. சமையல்காரர் ஓடிவந்து, கண்கலங்கி, இடுப்புவரை குனிந்து வணங்கினார்.

"பார்த்தாயாடி என் ருசியை!" என்று குலுங்கியது சூப்.

"பின்னே? எல்லாம் உன் ருசிதான் அக்கா" என்றது மிளகாய்த்தூள், வக்கீலின் மூக்குக்குள்ளிருந்து.