முள் பார்த்தவள்

ஆறிக்கொண்டு வந்த புண் மறுபடியும் வாய் திறந்திருந்தது. டாக்டர் கட்டைப் பிரித்ததுமே இபுராம்சா மனைவி மேல் பாய்ந்தார்.

"சக்கர வியாதிக்காரன் காலு இது. முள்ளு குத்துனாலும் எனக்குத் தெரியாது. அதுக்குத்தானே மதராஸ்லேர்ந்து இந்த மெத்து மெத்துன்னு ரப்பர் செருப்பத் தருவிச்சோம்? காலையில தடவிப் பாத்துக் குடுன்னு டாக்டரய்யா ஒங்கிட்டதானே சொன்னாரு?"

"தெனமும் பாத்துத்தாங்க குடுக்குறேன்" என்றாள் ஹவ்வா உம்மாள்.

டாக்டர் செருப்பின் மேல் விரலை ஓட்டினார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"கருவேல முள்ளும்மா. அடியிலேர்ந்து ஏறி, நுனி மேல நிக்குது."

"பாத்தாளாம்! கோட்டைப்பட்டினத்துலேர்ந்து பஸ் ஏறி வந்து பொய் சொல்றா. என் கால வெட்டுனாத்தான் இவளுக்கு நிம்மதி."

அவள் முகம் சுண்டிப்போனது. டாக்டரிடமிருந்து செருப்பை வாங்கி, குதிகாலிலிருந்து பெருவிரல் பக்கம் வரை அழுத்தி அழுத்தித் தடவினாள்.

"அல்லா மேல ஆணையா இப்படித்தாங்க பாத்தேன். இப்பவும் வழவழன்னுதானே இருக்கு? முள்ளு எங்கிட்டு இருக்கு?"

அவள் விரல் போன வழியெல்லாம் ரப்பரில் ரத்தம் கோடு இழுத்திருந்தது.

டாக்டர் நாற்காலியை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்கம்மா. ஒங்க காலையும் கொஞ்சம் பாக்கணும்."

"எனக்கு ஒண்ணுமில்லைங்கய்யா" என்றாள், இன்னும் தன் கையைப் பார்க்காமலே. "மொதல்ல இவுக காலப் பாருங்க."