முதல் கட்டம்

எங்கள் அலுவலகக் கணினிகளில் உள்ளதையெல்லாம் தினமும் டேப்பில் நகல் எடுத்து வைப்பது என் வேலை. டேப் ட்ரைவில் அழுக்குச் சேர்ந்தால் சுத்தம் செய்வதற்கென்றே தனி கேட்ரிட்ஜ் உண்டு. ஒன்றை ஐம்பது முறைதான் பயன்படுத்தலாம். அதன் லேபிளில் ஐம்பது கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒன்றில் டிக் போட வேண்டும்.

என்னோடு வேலை பார்த்த அக்கா இடது கைக்காரர். அவர் போடும் டிக்கின் வால் இடப்பக்கம் நீளும். டிக் போடும் விஷயத்தில் ரொம்பக் கறார்.

"புதுசைப் பிரிச்சா முதல் தடவை நான்தான் போடுவேன். நீ கை வைக்காத," என்பார்.

முப்பத்தொன்றாவது டிக்கோடு அக்கா போய்ச் சேர்ந்தார். மீதியை நான் போட்டேன்.

நேற்று ஐம்பதும் தீர்ந்தது. ஸ்டோரில் புதியதை வாங்கி, அங்கேயே சீலைப் பிரித்தேன். முதல் கட்டத்தில் டிக் இருந்தது. வால் இடப்பக்கம்.

ஸ்டோர்காரரிடம் காட்டினேன்.

"சீலைப் பிரிச்சது நீங்க. என்னைக் கேட்டா?" என்றார்.

நியாயம்தான். கொண்டுவந்து ட்ரைவில் போட்டேன். ஓடி முடித்து வெளியே வந்தது. மீதி நாற்பத்தொன்பது என்று ட்ரைவின் திரை காட்டியிருக்க வேண்டும். நாற்பத்தெட்டு என்றது.

பேனாவை எடுத்து இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டேன்.