வண்டு சொன்ன புகார்

தென்னந்தோப்பில் ஒரு காண்டாமிருக வண்டின் முதுகில் பூஞ்சை ஒட்டிக்கொண்டது. ஒட்டியதும் மெல்லிய இழை ஒன்றை விட்டு முதுகைத் துளைக்க ஆரம்பித்தது.

"யாருடா அது, ஒரு வார்த்தை கேக்காம?" என்று வண்டு கொதித்தது.

"எங்கிட்ட ஏன் பாயுறீங்க? எனக்குள்ள இருக்கிற சேதிப்புரதம் துளைன்னுச்சு, துளைக்கிறேன்" என்றது இழை.

"நீதான் ஏவிவிட்டியா?" வண்டு இழைக்குள் இருந்த சேதிப்புரதத்தைப் பார்த்துச் சீறியது.

"ஐயையோ, நான் வெறும் சேதி கொண்டுபோற ஆளுங்க. உங்க முதுகுமேல படிஞ்சிருக்கிற மெழுகுதான் இங்கே வண்டு இருக்குன்னு காட்டிக்கொடுத்துச்சு."

"அப்போ என்னைக் கொல்றது என் முதுகா? எந்த ஊர் நியாயம்டா இது!" ஆறு காலும் மரத்துப்போயின, வண்டின் கோபம் மட்டும் அடங்கவில்லை.

"புகார் இருந்தாச் சொல்லுங்க, அதையும் நானே கொண்டுபோறேன்" என்றது புரதம் பணிவாக.

வண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு கொட்டித் தீர்த்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட புரதம், இழையின் நுனிக்குப் போய்ச் சொன்னது:

"இன்னும் பேசுது. ஆழமாத் துளை."