பின்பிரேக்கில் புகுந்த காற்று

மலைத்தோட்டம் ஒன்றில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் நான்கு சக்கர வண்டி இருந்தது. அதன் முன்பிரேக்கும் பின்பிரேக்கும் உயிர்த் தோழிகள்.

ஒருநாள் பின்பிரேக்கின் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. ஓட்டுநர் எஸ்தர் எவ்வளவு மிதித்தாலும் அதனால் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை.

“யாருக்கும் தெரிய வேண்டாம். என்னைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள்” என்று அது கெஞ்சியது.

“நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றது முன்பிரேக். அன்றுமுதல் ஒவ்வொரு இறக்கத்திலும் இருவர் பாரத்தையும் அதுவே தாங்கியது.

மழைக்காலத்தில் ஒருநாள் வண்டி சேற்றில் வழுக்கிப் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. எஸ்தர் இறங்கிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். மறுநாள், கொட்டகை வாசலின் சமதரையில், எஸ்தருக்குத் தெரியட்டும் என்று முன்பிரேக் வேண்டுமென்றே சும்மா இருந்தது. வண்டி மெல்லப் போய்ச் சாக்குக் குவியலில் முட்டியது.

“என்ன இது, பெடல் பஞ்சு மாதிரி போகுதே!” என்று எஸ்தர் இறங்கினாள். பின்பிரேக்கின் திருகைத் தளர்த்தி, பெடலை அமுக்கி அமுக்கிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினாள். புது பிரேக் ஆயில் ஊற்றித் திருகை இறுக்கினாள்.

“காட்டிக்கொடுத்துவிட்டாயே!” என்று பின்பிரேக் கோபித்துக்கொண்டது.

ஆனால் அடுத்த இறக்கத்தில் தன் பங்குப் பாரத்தைப் பிடித்தபோதுதான், தோழி இத்தனை நாள் தாங்கியது எவ்வளவு என்று அதற்கு உறைத்தது.

“உன் பிரேக் கட்டையைக் காட்டு” என்றது.

முன்பிரேக்கின் கட்டை காகிதமாகத் தேய்ந்திருந்தது.

“அடிப்பாவி! நீ ஏன் வாயைத் திறக்கவில்லை? கத்து, எஸ்தர் இங்கேதான் இருக்கிறாள்!”

முன்பிரேக் கூச்சத்தோடு, முதன்முறையாக, கிரீச்சென்று கத்தியது.