கட்டத்தில் அடங்காத புகார்

"உங்க ஊட்ல அழுவறதுக்குக்கூட கட்டம் போட்டு வெச்சிருப்பீங்களா மேடம்?"

தொழிலாளர் பிரதிநிதி சுகிர்தா கேட்டதும் கூட்ட அறையே சிரித்தது. புகார்ப் பக்கத்தில் கட்டம் ஒன்று சேர்க்கச் சொன்ன, டேட்டாபேஸைக் கவனிக்கும் கல்பனா மட்டும் சிரிக்கவில்லை.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் அந்த உதிரிபாகத் தொழிற்சாலையில், பிரஸ் மெஷினில் சிக்கி ஏஞ்சல் என்ற தொழிலாளியின் இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன. கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்தவேண்டிய சென்சாரை, உற்பத்தி குறைகிறதென்று சூப்பர்வைசர் அணைத்து வைத்திருந்தார். அதைச் சொல்லக் கம்ப்யூட்டரின் புகார்ப் பக்கத்தில் இடமே இல்லை.

"சென்சார் ஓடிச்சா, அணைச்சிருந்துச்சான்னு ஒரே ஒரு கட்டம் சேர்த்தா போதும் சார்," என்றாள் கல்பனா.

மேலாளர் சந்திரமோகன் வேதனையோடு தலையசைத்தார்.

"ஆமா, இல்லைங்கிற ரெண்டு வார்த்தையில அடங்குற வலியாம்மா அது? நம்ம டேட்டாபேஸ்லயே இப்போ ஜேசான்னு, எதை வேணும்னாலும் எப்படி வேணும்னாலும் போட்டு வைக்கிற வசதி வந்திருக்கு. கட்டமே வேணாம். அவங்கவங்க மனசுல இருக்கறதை அவங்கவங்க பாணியில எழுதட்டும். அப்படியே வாங்கி வெச்சுக்கும்."

கைதட்டல் எழுந்தது.

"ஜேசான் இருக்கட்டும் சார். கூடவே அந்த ஒரு கட்டமும்…"

"கட்டம் கட்டமாவே யோசிச்சுப் பழகிட்டீங்க!"

மீண்டும் சிரிப்பு.

வெளியே வந்ததும் சுகிர்தா பொரிந்து தள்ளினாள். "படிச்ச திமிரு பாத்தியா ஏஞ்சலு? நம்ம ரத்தம் அதுக்கு டிக் போடுற சமாச்சாரம். சார்தான் மன்சன்."

"உடுக்கா," என்றாள் ஏஞ்சல், கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி. "ஆபீசருங்க வந்து பாத்து, அந்த சென்சார போட வெச்சா போதும். இன்னொருத்தி வெரலு போவக்கூடாது."

எல்லாரும் எழுதினார்கள். ஒருத்தி 'சென்சார்' என்றாள். ஒருத்தி 'மெஷின் கண்ணு' என்றாள். இன்னொருத்தி 'செவப்பு லைட்டு' என்றாள். ஏஞ்சல் இடக்கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.

அரசு ஆய்வாளர் வந்தார். பக்கம் பக்கமாக ஓடிய புகார்களைப் பார்த்ததும் அவர் முகம் சுளித்தார்.

"இதையெல்லாம் படிக்க எனக்கு நேரமில்லை. சென்சாரை அணைச்சதால எத்தனை விபத்து? அதை மட்டும் காட்டுங்க."

"அப்படி ஒரு கட்டமே எங்க டேட்டாபேஸ்ல இல்லையே சார்," என்றார் சந்திரமோகன் பணிவாக.

"நாங்க எழுதிகீறோம் சார்!" என்று சுகிர்தா குறுக்கே பாய்ந்தாள்.

"சரிம்மா, மொத்தம் எத்தனை?"

சுகிர்தா திரையைத் தள்ளித் தள்ளி எண்ணத் தொடங்கினாள்; ஆளுக்கொரு பெயராக எழுதியிருந்ததில் கணக்குத் தப்பிக்கொண்டே போனது. 'பதிவு ஏதுமில்லை' என்று குறித்துக்கொண்டு ஆய்வாளர் காரில் ஏறினார். ஏஞ்சலின் மெஷினில், அணைத்த சென்சார் அணைத்தபடியே இருக்க, புதிதாக வந்த ஒருத்தி தகட்டை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

நியாயம் கேட்க மேலாளர் அறைக்கு ஓடினாள் சுகிர்தா. போனில் இருந்த சந்திரமோகன், அவளை ஒரு பொருட்டாகவே எண்ணாமல், உட்காரும்படி கைகாட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

"உங்க கம்பெனியிலயும் ஜேசான் போட்டுடுங்க சார். மனசு விட்டு எழுதுவாங்க, நமக்குக் கையும் தட்டுவாங்க. ஒருத்தனாலயும் எண்ண முடியாது."