இடது இருக்கையின் பிரேக்

இடது பக்க இருக்கையில் பிரேக் கிடையாது. ஆனாலும் பதினெட்டு வருடமாகத் தமயந்தி வலது காலால் காரின் தரையை அழுத்திக்கொண்டேதான் வருகிறாள். அந்த இடத்தில் மட்டும் ரப்பர் விரிப்பு தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. “அங்க என்னத்த மிதிக்கிற?” என்று ஒவ்வொரு முறையும் கணவன் ஞானசேகரன் சிரிப்பான். இன்று அவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, தரைப்பாலத்து வெள்ளத்தில் காரை இறக்கி அக்கரை ஏற்றினான். அடுத்து வந்த இறக்கத்தில், நனைந்த பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் கம்பி லாரி ஒன்று நின்றிருந்தது. கம்பிகளின் நுனியில் கட்டிய சிவப்புத் துணி கண்ணாடியை நோக்கி வளர்ந்துகொண்டே வந்தது. அவள் கதவைத் தொட்டாள். பூட்டியிருந்தது. ஞானசேகரன் சிரிக்காமல் அவள் காலைப் பார்த்தான்.

“நீயும் சேந்து மிதி,” என்றான்.